துண்டு போட்ட இடத்தில் 'தி' உட்காராது

டெமோ வகுப்புக்கு எனக்கு வந்த பாடம் ஆர்ட்டிகிள்ஸ். எ, ஆன், தி. பிரின்சிபால் மேடம் போனில் அதைச் சொன்னதும் சந்தோஷத்தில் "தாங்க்யூ மேடம், தாங்க்யூ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "கஷ்டமா இருந்தா டென்ஸ் எடுத்துக்குங்க. நிறையப் பேர் ஆர்ட்டிகிள்ஸ்னா பயப்படறாங்க" என்றார். வேண்டாம் மேடம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

இங்கிலீஷில் எனக்குத் தடுமாறும் இடங்கள் உண்டு. சில வார்த்தைகளை இன்றைக்கும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். ஆனால் ஆர்ட்டிகிள் அப்படியில்லை. அது நான் கல் பொறுக்கி, களை பிடுங்கிப் பண்படுத்திய நிலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்க வரும். அதனால் 'தி' எங்கே போட வேண்டும் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்த இடம் திருவண்ணாமலை செங்கம் ரோடு. காலேஜ் படித்த காலத்தில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் காலை நேரம் டேபிள் பார்த்தேன். இஞ்சி டீயும் தோசையும் கொண்டுபோய் வைப்பதுதான் வேலை. ஆனால் காதுக்கு வேலை கிடையாது என்று யாரும் சொல்லவில்லையே. ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரர் முதல் நாள் பேசும்போது எல்லாமே 'எ'தான். எ கேவ், எ டெம்பிள், எ டாக். ஒரு குகை பார்த்தேன், ஒரு நாய் கூடவே வந்தது. இரண்டு மூன்று நாளில் அதே ஆள் அதே மேசையில் உட்கார்ந்து தி கேவ், தி டாக் என்பார். அந்தக் குகைக்குப் போகிறேன், அந்த நாய் இன்றைக்குக் காணவில்லை. நாய் மாறவில்லை. அவருக்கும் நாய்க்கும் பழக்கம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இலக்கணப் புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்ததை அந்த நாய் எனக்குப் புரியவைத்தது.

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் நமக்கு வராது என்று காலேஜில் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து "தண்ணி எடுத்தா" என்றால் ஏதோ தண்ணீர், கையில் கிடைத்தது போதும். "தண்ணிய எடுத்தா" என்றால் சொம்பில் பிடித்து வைத்திருக்கிறேனே, அது. ஒரு 'ஐ' கூடியதும் எந்தத் தண்ணீர் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிடுகிறது. இங்கிலீஷ்காரன் வார்த்தைக்கு முன்னால் சொல்வதை நாம் வாலில் சொல்கிறோம். பஸ் போர்டைத் தாண்டிப் படிக்கத் தெரியாத என் அம்மா நாள் முழுக்க 'தி' போட்டுத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். இதைக் கண்டுபிடித்த நாளில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து கண்டக்டர், "இன்னா தம்பி, பொண்ணு ஓகே சொல்லிட்டாளா?" என்று கேட்டார்.

ஆக, பாடம் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை திங்கட்கிழமையைப் பற்றி.

ஒரகடம் பக்கத்தில் இருக்கும் கம்பெனிகளுக்கு எங்கள் ஊரிலிருந்து பையன்களை வேன் வைத்து அழைத்துப் போவார்கள். ஆள் சேர்த்துவிடுபவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். எனக்காக ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். நான் பி.எட். முடிக்காத ஆள். பல பள்ளிக்கூடங்கள் கேட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. இந்த ஒரு பள்ளிதான், டெமோ பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. இதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை வேனில் ஏறுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கம்பெனி வேலையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. என்கூடப் படித்தவன் ஒருவன் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்கு மாடி எடுத்திருக்கிறான். ஆனால் ஒருமுறை வேனில் ஏறியவன் யாரும் மறுபடி சாக்பீஸ் பிடித்து நான் பார்க்கவில்லை.

அன்றைக்குக் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"இன்னா பாடம்டா எடுக்கப் போற?"

"எ, ஆன், தி."

"அவ்ளோதானா? பெருமாளே! மூணு எழுத்துக்கா காலேஜ் வரைக்கும் போன?"

"அந்த மூணுலதாம்மா எல்லாரும் விழறாங்க."

"நீ வுழாம வா" என்றாள். அப்பா வாசலில் வேர்க்கடலை மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "சாயந்தரத்துக்குள்ள எதுன்னு சொல்லிடுறா. அந்த ஆளு உனக்காக எடத்த நிறுத்தி வெச்சிருக்கான். அவங்கிட்ட நான் பேச்சு வாங்க முடியாது" என்றார். சரிப்பா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பள்ளி ஊரின் ஓரத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் அடி அண்ணாமலையிலிருந்தும் அதற்கு அடுத்த ஊர்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள். விவசாயம் செய்கிற வீடுகள், ஆட்டோ ஓட்டுகிற வீடுகள், பவுர்ணமிக்குப் பவுர்ணமி கிரிவலப் பாதை ஓரம் இளநீர்க் கடை போடுகிற வீடுகள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் பிரின்சிபால் மேடம். வேலூர்ப் பக்கம் பெரிய பள்ளியில் இருந்துவிட்டு வந்தவர். சுத்தமான இங்கிலீஷ், கையில் பேனா, மடியில் பேப்பர். "ஒன்லி இங்கிலீஷ்" என்று வராந்தாவிலேயே சொல்லிவிட்டார்.

இன்னொரு நாற்காலியில் கரஸ்பாண்டன்ட் ஐயா. பள்ளி அவருடையது. ரைஸ் மில்லும் அவருடையது. வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் கரை போட்ட துண்டு. அவரும் என்னைப்போல வீட்டில் யாரும் படிக்காத குடும்பத்திலிருந்து வந்தவர் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். "எட்டாவதோட நிறுத்திட்டாரு. அதான் எட்டாவதுன்னா டெமோக்கு அவரே வந்து குந்திக்குவாரு."

வகுப்பு நன்றாகவே தொடங்கியது. கஃபே நாயை இங்கிலீஷில் சொன்னேன். முதல் நாள் எ டாக், மூன்றாம் நாள் தி டாக். பிள்ளைகள் நாயைப் பிடித்துக்கொண்டார்கள். சன், மூன் என்று உலகத்துக்கு ஒன்றே ஒன்றாக இருப்பதற்கும் 'தி' என்றேன். உடனே ஜன்னலோரம் இருந்த பையன் எழுந்து, "சார், அதான் பஸ்ல தி.மலைன்னு போட்டிருக்காங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. கரஸ்பாண்டன்ட் ஐயாவும் தொப்பை குலுங்கச் சிரித்தார். மேடம் மட்டும் பேப்பரில் ஏதோ எழுதினார். அவன் தமிழில் பேசியதை எழுதியிருப்பார்.

பிறகு, குடும்பத்தைப் பற்றிப் போர்டில் எழுத யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். முதல் பெஞ்சிலிருந்து இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி வந்தாள். முத்து முத்தான கையெழுத்து. எழுதினாள்:

'தி மை ஃபாதர் இஸ் தி ஃபார்மர். தி மை மதர் இஸ் தி டெய்லர். மை பிரதர் இஸ் எ ஸ்டூடன்ட்.'

நல்ல வாய்ப்பு என்று நினைத்தேன். வெரி குட் சொல்லி அவளை உட்காரவைத்துவிட்டு, டஸ்டரை எடுத்து அப்பாவுக்கு முன்னால் இருந்த முதல் 'தி'யை அழித்தேன்.

வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் 'தி'யையும் அழித்தேன். அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துவிட்டது. "எனி டவுட்?" என்றேன். பதில் இல்லை. "ஒய் ஆர் யூ சைலன்ட்?" என்றேன். அதற்கும் இல்லை. ஒரு வகுப்பு கைவிட்டுப் போவதை முதுகுத்தண்டில் உணர முடியும். அன்றைக்குத்தான் முதல் தடவை உணர்ந்தேன். பின்னால் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் குனிந்து, மெதுவாக, தமிழில் கேட்டேன். "இன்னா ஆச்சும்மா?"

"அப்பாவ எப்பிடி சார் மொட்டையா எழுதறது?" என்றாள்.

"மொட்டையாவா?"

"நீங்க அழிச்சிட்டீங்களே சார். பெரியவங்களுக்கு 'தி' போடணும்ல?"

ஜன்னலோரப் பையன் உதவிக்கு வந்தான். "தம்பிக்கு 'எ' போதும் சார். அவன் பொடியன். ஃபாதர், மதர், டீச்சர், இவங்களுக்கெல்லாம் 'தி' சார். நம்ம வாங்க போங்கன்றோம்ல, அது மாதிரி."

தப்புத்தான். ஆனால் சோம்பேறித்தனமான தப்பு இல்லை. அப்பா வந்தான் என்று எழுதத் தெரியாத பிள்ளைகள், இங்கிலீஷில் அந்த 'ஆர்' விகுதி எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்த 'தி'யைப் பிடித்து அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

"இத யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

மொத்த வகுப்பும் திரும்பிப் பின்னால் பார்த்தது.

"நான்தான் சொன்னேன்" என்று கரஸ்பாண்டன்ட் ஐயா எழுந்தார். கோபமில்லை, பெருமைதான். "தெனம் அசெம்பிளில சொல்றது. இங்கிலீஷ் பேசு, வேணாங்கல. ஆனா பெரியவங்கள மொட்டையா பேசாத. நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ் கத்துக்கினா மரியாத போயிடும்னு ஊருக்குள்ள சொல்றாங்க. நம்ம ஸ்கூல்ல அப்பிடி இல்லன்னு காட்டணும். இன்னா தம்பி, சரிதானே?"

மேடம் பேனாவை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

பாடத்தில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. சரிங்கய்யா என்றால் வேலை கிடைக்கும். ஆனால் அந்தப் பெண் பத்தாம் வகுப்பு பரீட்சை வரை தி மை ஃபாதர் என்று எழுதி, மார்க் ஏன் போகிறது என்று தெரியாமல் இருப்பாள். தப்புங்கய்யா என்றால் திங்கட்கிழமை வேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு ஒன்று.

"ஐயா, உங்க துண்டக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தோளில் கிடக்கிற துண்டு வெறும் துணியல்ல. சிலரைக் கண்டால் சிலர் துண்டை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அது அப்படியொன்றும் பழைய காலமுமல்ல. அதனாலேயே தோளில் துண்டு போடும் நிலைக்கு வந்தவர்கள் அதை லேசில் இறக்க மாட்டார்கள். வேலை கேட்டு வந்த பையன் ஒருவன், பிள்ளைகளுக்கு முன்னால், பள்ளிக்கூட முதலாளியைத் துண்டை இறக்கச் சொல்கிறான். இரட்டைப் பின்னல் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என் துண்டா?" என்றார்.

"ஆமாங்கய்யா. சீட்டுப் பிடிக்கணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த பஸ்ஸுக்கு?"

"மெட்ராஸ் பஸ்ஸுக்குங்கய்யா. பவுர்ணமி முடிஞ்ச காலை. கூட்டம் ஜாஸ்தி. இந்த ரெண்டாவது பெஞ்சு ஓரம்தான் சீட்டு."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. "கையில குடுத்துப் போட்டா அது சீட்டுப் பிடிக்கறதா? இரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். துண்டை இறுக்கிச் சுருட்டினார். "டேய், தலைய எடுடா" என்று ஜன்னலோரப் பையனை அதட்டிவிட்டு, இரண்டு கம்பிகளுக்கு நடுவே விட்டார் பாருங்கள், துண்டு நேராக இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் போய் விழுந்தது.

பிள்ளைகள் விசிலடித்தார்கள். எட்டாம் வகுப்பில் விசில் தெரியாத பிள்ளை இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"வயசுல பஸ் ஸ்டாண்டுல என் துண்டு தப்பனதே கெடையாது" என்றார் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

நான் துண்டைக் காட்டி வகுப்பைக் கேட்டேன். இனி எல்லாம் தமிழ்தான். "இப்ப அங்க யாராவது உக்காரலாமா?"

"கூடாது சார்!"

"மேடம் வந்தா?"

கொஞ்சம் தயங்கி, "கூடாது சார்!"

"கலெக்டர் வந்தா?"

"கலெக்டர் பஸ்ல வரமாட்டாரு சார்" என்றான் ஜன்னலோரப் பையன்.

"வந்தா?"

"நிக்க வேண்டியதுதான் சார். ஐயா துண்டு போட்டுட்டாரு. எடம் அவரோடது."

போர்டில் ஃபாதருக்கு முன்னால் ஒரு சின்னச் சதுரம் போட்டேன். "இது ஒரு ஆள் சீட்டு. இதுல 'மை' உக்காந்திருக்கு. மை-ன்றது துண்டு. எங்கப்பான்னு துண்டு போட்டாச்சு. அப்பறம் 'தி' ஓடி வந்தாலும் நிக்கணும், 'எ' ஓடி வந்தாலும் நிக்கணும். துண்டு இருக்கற எடத்துல இன்னொருத்தர உக்கார வெச்சா பஸ்ஸுல இன்னா நடக்கும்?"

"சண்ட சார்!"

"அதான் பேப்பர் திருத்தறவங்க சண்ட போடறாங்க."

சிரித்தார்கள். இரட்டைப் பின்னல் பெண் சிரிக்கவில்லை. அவள் விடுகிற ஆள் இல்லை. "அப்ப மரியாத சார்?" என்றாள்.

"'தி'ல மரியாத இல்லம்மா. 'உனக்குத் தெரியுமே, அதேதான்'னு கைகாட்டறது, அவ்ளோதான் அதோட வேலை. நேத்து எங்க தெருவுல ஒரு திருடன் வந்தான். யாருன்னு உனக்குத் தெரியாது. எ தீஃப். இன்னைக்குக் காலையில அந்தத் திருடன் மாட்டிக்கினான். இப்ப உனக்குத் தெரியும், எந்தத் திருடன்னு. அதனால தி தீஃப். திருடனுக்குப் போடறதையா உங்கப்பாவுக்கு மரியாதன்னு போடுவ?"

அவள் யோசித்தாள். பிறகு அவளே போர்டுக்கு வந்து, மீதியிருந்த 'தி'க்களை அழித்து, 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்று எழுதினாள். எழுதிவிட்டு, "ஊர்ல நெறைய விவசாயி இருக்காங்க, அதுல ஒருத்தர். அதான சார் 'எ'? ஆனா எங்கப்பா அளவுக்கு யாரும் நெல்லு எடுக்க மாட்டாங்க" என்றாள்.

"அதையும் எழுதலாம். தி பெஸ்ட் ஃபார்மர்னு எழுது. அங்க 'தி' வரும். நல்லா வரும்."

அவள் முகம் மலர்ந்தது. ஜன்னலில் மட்டும் முகம் வேறு மாதிரி இருந்தது.

"திருடனுக்குமா?" என்றார் கரஸ்பாண்டன்ட் ஐயா.

"ஆமாங்கய்யா. திருடனுக்கும் உண்டு."

பெல் அடித்தது.

ஆபீஸ் ரூமில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் துண்டைத் தோளில் போடாமல் மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். மேடம்தான் ஆரம்பித்தார்.

"பாதிக்கு மேல தமிழ்ல போயிட்டீங்க. இது இங்கிலீஷ் மீடியம். நாளைக்குப் பேரன்ட்ஸ் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"உங்க பொண்ணு சரியா எழுதறாளான்னு பாத்துட்டுக் கேளுங்கன்னு சொல்லுங்க மேடம்."

அது கொஞ்சம் அதிகம்தான். அவர் புருவத்தைத் தூக்கினார். கரஸ்பாண்டன்ட் ஐயா குறுக்கே வந்தார்.

"அத வுடுங்க. ஏன் தம்பி, இந்த ஸ்கூலு ஆரம்பிச்ச நாள்லருந்து அசெம்பிளில நான் சொல்லிக்கினு வர்றது. இன்னைக்கு என்னையே ஜன்னலுக்கு வெளிய நிக்க வெச்சி, அது திருடனுக்குப் போடறதுன்னு சொல்லிட்ட. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க ஏறி நிப்பேன்?"

அப்பா வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. இருந்தாலும் சொன்னேன். "ஐயா, நீங்க சொன்னது தப்புன்னு பிள்ளைங்க முன்னாடி ஒரு வார்த்த நான் சொல்லல. இங்க சொல்றேன். தப்புதாங்கய்யா. பெரியவங்களுக்கு மரியாத குடுக்கணும்னு நீங்க சொன்னது தப்பில்ல. அத 'தி' தலையில ஏத்தினதுதான் தப்பு."

அவர் மேடம் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவன் சொல்றது சரியா?"

மேடம் பேனாவைத் திறந்தார், மூடினார். "சரிதான் சார்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்த அன்னைக்கே தெரியும் சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எப்பிடி சார் சொல்றது? மைக் முன்னாடி நின்னு சொல்றீங்க. அவ்ளோ பேரும் கை தட்டறாங்க. உங்களப் போயி எப்பிடி…" என்று நிறுத்திவிட்டார்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதாவது, இத்தன நாளா பிள்ளைங்க தப்புத் தப்பா எழுதிக்கினு இருந்ததுக்குக் காரணம், நீங்க என் மேல வெச்சிருந்த மரியாத."

அவருடைய வாயோரத்தில் சிரிப்பு ஒன்று வரலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு வந்தேவிட்டது. "நல்ல மரியாதம்மா இது!" என்று மேசையைத் தட்டினார். "துண்டக் கேக்கற மாதிரி ஒரு ஆளு ஸ்கூல்ல இருக்கட்டும். தம்பி, திங்கக்கிழம வந்து சேந்துக்கோ. நாளைக்கு அசெம்பிளில நானே சொல்லிக்கறேன். எப்பிடிச் சொல்லணும்னு மட்டும் போறப்ப எழுதிக் குடுத்துட்டுப் போ."

"திங்கக்கிழம எதுக்கு சார்?" என்றார் மேடம். கறாரான குரல் திரும்பியிருந்தது. "செவன்த்துக்கு லஞ்ச் முடிஞ்சதுலருந்து டீச்சர் இல்ல. அங்க சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. இப்பவே போகட்டும்." என்னிடம் திரும்பி, "தமிழக் கம்மி பண்ணிக்குங்க" என்றார்.

"கம்மி பண்றேன் மேடம். நிறுத்த மாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வந்து, சாக்பீஸ் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

வராந்தாவில் நின்று அப்பாவுக்கு போன் போட்டேன்.

"கெடச்சிடுச்சிப்பா."

"நெசமாவா?"

"இப்பவே கிளாஸுக்குப் போவச் சொல்லிட்டாங்க."

"அப்ப வேன்காரங்கிட்ட வேற பையனப் பாத்துக்கச் சொல்லிடட்டா? நல்லா யோசிச்சிச் சொல்லு. அப்பறம் மாத்திப் பேசக் கூடாது" என்றார்.

"சொல்லிடுப்பா."

"சரி, வை. அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ போயி பாடத்தப் பாரு" என்று அவரே கட் செய்தார். அப்பா எப்போதும் போனை நான் வைக்கும்வரை காதிலேயே வைத்திருப்பவர்.

ஏழாம் வகுப்பு வாசலுக்கு நான் போனபோது உள்ளே ஒருவன் மேசை மேல் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் குதித்தான். மொத்த வகுப்பும் எழுந்து நின்று, நீட்டி முழக்கி, "குட் மார்னிங் சார்" என்று பாடியது. மதியச் சாப்பாடு முடிந்து வெகு நேரமாகியிருந்தது. முதல் நாளே எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை என்று உட்காரச் சொன்னேன். போர்டில் யாரோ வரைந்து வைத்திருந்த யானையை மட்டும் ஓரத்தில் விட்டுவிட்டு, மற்றதை அழித்து, எழுத ஆரம்பித்தேன்.